வானொலியில் கல்லுடைச்சான் தோட்டம்

நுவரெலியா கடைவீதியில் ராஜா ரேடியோ கடை வைத்திருந்த சண்முகராஜா முதலாளி, நகர மண்டபக் கச்சேரிக்காகத் தான் எழுதிய விளம்பரத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசித்துக் காட்டினார். வாசிப்பதற்கு முன் கண்ணாடியைத் துடைத்தார், தொண்டையைக் கனைத்தார், கடையில் பாடிக்கொண்டிருந்த வானொலிப் பெட்டிகளையெல்லாம் ஒவ்வொன்றாக வாயடைக்க வைத்தார். விளம்பரம் எழுதுவதில் தன்னை மிஞ்ச மலைநாட்டில் ஆள் இல்லை என்பது அவருடைய எண்ணம். அதை அவரே பலரிடம் சொல்லியும் இருக்கிறார்.

"இசை ரசிகர்களே, ஈடு இணையற்ற இன்னிசை மழை. தேன் சொட்டும் குரல். இலங்கையிலேயே தலைசிறந்த, புத்தம் புதிய, நுவரெலியா பூபாளம் இசைக்குழு..."

கிளாரினெட் வாசிக்கும் மாயாண்டிக்கு வாய் காது வரைக்கும் போய்விட்டது. பெரிய மேளம் அடிக்கும் மூக்கன், "இதெல்லாம் நம்மளையாடா சொல்றாரு?" என்று அவன் விலாவில் இடித்தார். குழுவின் ஒரே பாடகியும் மாயாண்டியின் மனைவியுமான மீனம்மா மட்டும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"எல்லாம் நல்லாத்தாங்க இருக்கு மொதலாளி. எங்க பேரத்தான் காணோம்."

"பூபாளம்னு போட்டிருக்கே, காதுல விழலையா?"

"அது பேண்டு பேருங்க. நாங்க எந்தத் தோட்டம்னு போடலையே."

முதலாளி கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "கல்லுடைச்சான் தோட்டம்னு போடணுமாக்கும். அந்தப் பேரக் கேட்டா சனம் கச்சேரிக்குக் கடப்பாரையும் சம்மட்டியுமா வந்து நிக்கும். தோட்டத்து ஆளுங்க பேண்டு வாசிக்கிறாங்கன்னு தெரிஞ்சா டவுன்காரன் எவன் டிக்கட் வாங்குவான்? நுவரெலியான்னு போட்டாத்தாம்மா மரியாதை. ஒங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவர் கெட்ட மனிதர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஒலிபெருக்கியும் மைக்கும் இலவசமாகக் கொடுத்தவர் அவர். நகர மண்டபத்தைப் பேசி முடித்தவரும் அவர்தான். ஒலிபெருக்கி கட்டப் பொலிசில் அனுமதி வாங்க வேண்டும், டிக்கட்டில் கேளிக்கை வரி முத்திரை விழ வேண்டும், நோட்டீசின் அடியில் அச்சகத்தின் பெயரும் விலாசமும் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு சட்டத்தையும் சாமி கும்பிடுகிற மாதிரி பயபக்தியோடு நிறைவேற்றி வந்தார். கச்சேரி நன்றாக நடந்தால் நாலு ரேடியோ கூடுதலாக விற்கும் என்ற கணக்கும் உள்ளே இருந்தது. வியாபாரியிடம் அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

ஆனால் மீனம்மாவுக்கு அந்த "நுவரெலியா" தொண்டையில் முள்ளாகச் சிக்கியது. அதற்குக் காரணம் இருந்தது. போன வருஷம் டவுனில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்தில் அவளைப் பாடக் கூப்பிட்டிருந்தார்கள். பாடி முடித்ததும் பந்தல் முழுக்கக் கைதட்டியது. கல்யாண வீட்டுக்காரர் மைக்கைப் பிடித்து, "தஞ்சாவூரிலிருந்து நமக்காகவே வந்திருக்கும் பாடகி" என்றார். இன்னும் பலமாகக் கை தட்டினார்கள். தஞ்சாவூர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட மீனம்மாவுக்குத் தெரியாது. அன்றைக்குக் காலையில்தான் எட்டாம் நம்பர் மலையில் கொழுந்து பறித்துவிட்டு, அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம் போதும் என்று கங்காணியிடம் கெஞ்சிவிட்டு வந்திருந்தாள். அந்தக் கைதட்டல் யாரோ ஒரு தஞ்சாவூர்க்காரிக்குப் போய்ச் சேர்ந்தது. இவள் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தாள். அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

அவளுடைய தோட்டத்துக்கு இரண்டு பெயர். கம்பெனி வைத்த பெயர் ஸ்ட்ராத்வெல். அது பலகையில் இருந்தது, தேயிலைப் பெட்டியில் இருந்தது, சம்பளம் எழுதும் செக்ரோலில் இருந்தது. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் யாருடைய வாயிலும் இல்லை. லயத்துக்காரர்களுக்கு அது கல்லுடைச்சான் தோட்டம். கந்தப்பளையிலிருந்து அந்த மலைக்குப் பாதை வெட்ட வந்த முதல் கும்பல், வழியை மறித்துக் கிடந்த பாறையை மழையிலும் பனியிலும் உடைத்து உடைத்துத்தான் உள்ளே போனது. அதில் பலபேர் திரும்பி வரவில்லை. உடைத்ததில் மிஞ்சிய பாதிப் பாறை தேயிலை ஸ்டோருக்குப் பக்கத்தில் இன்னும் நிற்கிறது, கடப்பாரைக் குழிகளோடு. அந்தப் பெயரை யாரும் உட்கார்ந்து யோசித்து வைக்கவில்லை. வேலை செய்தவர்களைப் பார்த்தவர்கள் சொன்னார்கள், அது நின்றுவிட்டது.

பேண்டும் அப்படித்தான் உண்டானது. பட்டாளத்து பேண்டில் இருந்த ஒருவர் விற்றுவிட்டுப் போன கிளாரினெட்டை மாயாண்டி வாங்கினான். மூக்கனுக்குத் தப்படித்துப் பழகிய கை, பெரிய மேளம் ஒரு வாரத்தில் வசப்பட்டது. ஆர்மோனியமும் டிரம்பெட்டும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. ஒத்திகை பிள்ளைக் காம்பராவில் நடந்தது. பகலெல்லாம் கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. சாயங்காலம் குழந்தைகள் போனபின், தொங்கிக்கொண்டிருக்கும் சேலைத் தொட்டில்களை ஒதுக்கி முடிச்சுப் போட்டுவிட்டு இவர்கள் உட்காருவார்கள். மீனம்மா எட்டுக்கட்டையில் பாடினால் பக்கத்து லயத்தில் சண்டை போடுகிறவர்கள்கூட நிறுத்திவிட்டுக் கேட்பார்கள்.

அதனால்தான் அவள் ரேடியோ கடையில் அசையாமல் நின்றாள்.

"தோட்டத்துப் பேரு இல்லைன்னா நா பாடலைங்க மொதலாளி. வேற ஆளப் பாத்துக்கங்க."

வேறு ஆள் எங்கே இருக்கிறது? முதலாளி மாயாண்டியைப் பார்த்தார். மாயாண்டி வானொலிப் பெட்டியின் விலையைப் பார்த்தான். பெண்டாட்டி இந்தக் குரலில் பேசினால் தலையிடக் கூடாது என்பது அவன் அனுபவத்தில் கண்டது.

"சரி, போட்டுத் தொலைக்கிறேன்" என்றார் முதலாளி. "நுவரெலியாவ அடிச்சிட்டு கல்லுடைச்சான் தோட்டம். நோட்டீசுலயும் போடுறேன், ரேடியோவுக்கும் அப்படியே அனுப்புறேன். ஆனா ஒண்ணு, ரேடியோக்காரங்க என்னா சொல்வாங்களோ அதுக்கு நா பொறுப்பில்ல."

அவருக்குக் கொழும்பு வானொலியின் வர்த்தக ஒலிபரப்பில் வாரா வாரம் கடை விளம்பரம் போகும். ஒரு வாரத்து நேரத்தைக் கச்சேரிக்காக விட்டுக்கொடுப்பதாக ஏற்பாடு. எழுதியதை முன்கூட்டியே அனுப்பி ஒப்புதல் வாங்க வேண்டும். ஒப்புதலான பிறகு ஒரு சொல்லைக்கூட மாற்ற முடியாது.

சில நாளில் பதில் வந்தது. இந்த விளம்பரத்தை இப்படியே போட முடியாது, விளக்கம் தேவை, நேரில் வரலாம் என்று. முதலாளிக்கு வேர்த்துவிட்டது. மலைநாட்டின் தலைசிறந்த விளம்பர எழுத்தாளருக்கு வந்த முதல் அடி அது.

"நீயும் வா" என்று மீனம்மாவிடம் சொன்னார். "ஒன் பிடிவாதத்துல வந்த வெனை. நீயே வந்து சொல்லு."

வருவேன் என்றாள். ஒருநாள் பேர் போனால் போகிறது. நானுஓயாவில் ரயிலேறினார்கள். மாயாண்டியும் கூட வந்தான், கொழும்பு பார்க்கலாம் என்ற ஆசையில். வழியெல்லாம் முதலாளி, "பெரிய எடம், நா பேசுறப்ப நீ பேசாத" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

வானொலி நிலையத்தில் விளம்பரங்களைப் பரிசீலிக்கும் அதிகாரியின் பெயர் கணேசமூர்த்தி. யாழ்ப்பாணத்துக்காரர். கோபமும் இல்லாமல் சிரிப்பும் இல்லாமல் ஒரே மாதிரி பேசுகிற மனிதர். இவர்களை உட்காரச் சொன்னார். மீனம்மா நின்றாள். "உங்களையும்தான், இருங்கோ" என்றார். அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். ஓர் அலுவலகத்தில் அவளை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"விளம்பரத்தில உண்மையெண்டு காட்டக்கூடிய சொல்லு மட்டும்தான் போகலாம்" என்று அவர் ஆரம்பித்தார். "'இலங்கையிலேயே தலைசிறந்த' எண்டு போட்டிருக்கிறியள். போட்டி ஏதும் நடந்ததோ?"

"இல்லீங்க" என்றார் முதலாளி.

அதிகாரி சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு போட்டார். "'ஈடு இணையற்ற.' இணை இருக்கோ இல்லையோ எண்டு ஆர் பாத்தது?" இன்னொரு கோடு. "'தேன் சொட்டும் குரல்.'" அவர் மீனம்மாவை ஒருதரம் பார்த்துவிட்டு, "குறை நினைக்கக் கூடாது" என்று சொல்லி அதையும் அடித்தார்.

சண்முகராஜாவின் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சொந்தப் பிள்ளைக்கு மொட்டையடிப்பதைப் பார்க்கிற தகப்பன் அப்படித்தான் இருப்பான். கடைசியில் விளம்பரத்தில் மிஞ்சியது குழுவின் பெயரும், இடமும், நேரமும், பாடுகிறவள் பெயரும், தோட்டத்தின் பெயரும்தான். சிவப்புப் பென்சில் அந்தத் தோட்டத்தின் மேல் வந்து நின்றது.

"இதிலதான் பிரச்சினை. ஒரு கம்பனியின்ர பேரையோ சொத்தின்ர பேரையோ அவையின்ர சம்மதம் இல்லாமல் விளம்பரத்தில போட ஏலாது. அது விதி. தோட்டங்களின்ர பதிவில தேடிப் பாத்தன், இந்தப் பேரில ஒரு தோட்டமும் இல்லை. இது எந்தக் கம்பனி?"

முதலாளி கம்பெனிப் பெயரைச் சொன்னார். பதிவில் அது ஸ்ட்ராத்வெல் என்றும் சொன்னார். சொல்லிவிட்டுச் சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "அதுக்கென்னாங்க, அந்தப் பேர எடுத்துடலாம். நுவரெலியான்னு போட்டுக்கலாம். நா மொதல்லயே அப்படித்தான் எழுதியிருந்தேன்."

"எடுக்கக் கூடாதுங்க" என்றாள் மீனம்மா.

பேசாதே என்று சொல்லிக் கூட்டி வந்தவள் பேசிவிட்டாள். முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி பென்சிலைக் கீழே வைத்தார்.

"ஏன் எடுக்கக் கூடாது?"

"ஐயா சொன்னீங்களே, உண்மையானதுதான் போகலாம்னு. நாங்க நுவரெலியா இல்லீங்க. நாங்க கல்லுடைச்சான் தோட்டம். எங்க ஆளுங்க ரேடியோ கேக்கறப்ப அவங்களுக்கே தெரியணுங்க, இது நாமதான்னு."

அதிகாரி தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, "சம்மதம் கேக்கிறது என்ர வேலை, நான் கேக்கிறன்" என்று டெலிபோனை எடுத்து, கந்தப்பளை வழியாகத் தோட்டத்து ஆபீசுக்கு டிரங்க் கோல் பதிவு செய்தார்.

அப்போதுதான் மாயாண்டிக்கு விஷயம் உறைத்தது. "தொரைகிட்டயா?" என்று மனைவியின் காதில் கேட்டான். தோட்டத்தை நடத்தும் துரைக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியாமல் இல்லை. தோட்டத்துப் பேரை ஊர் முழுக்க ஒலிபரப்ப நீ யார் என்று கேட்பார். பத்துச்சீட்டை எழுதிக் கையில் கொடுத்தால் வேலை போய்விடும், லயத்துக் காம்பராவும் போய்விடும், சட்டி பானையோடு ரோட்டில் நிற்க வேண்டியதுதான். பேரை எடுத்துவிடுங்கள் ஐயா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மீனம்மா முந்தானை நுனியைக் கைக்குள் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். அந்த ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை.

மணி அடித்தது. அதிகாரி இங்கிலீஷில் பேசினார். மறுமுனையில் துரையின் குரல் குழாயையும் மீறிக் கேட்டது. மீனம்மாவுக்கு இங்கிலீஷ் புரியாது. ஆனால் அந்தக் குரல் அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு நாளும் காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில் கேட்கிற குரல்தான். முதலாளிக்குக் கொஞ்சம் புரியும். அவர் முகம் வெளுத்தது, பிறகு சிவந்தது, பிறகு ஏதோ புரியாத மாதிரி ஆகிவிட்டது.

அதிகாரி குழாயை வைத்துவிட்டு, கேட்டதைக் கோப்பில் எழுதி முடித்து, மூவரையும் பார்த்தார்.

"துரை என்ன சொல்றாரெண்டால், கல்லுடைச்சான் எண்டு தனக்கு ஒரு தோட்டமும் இல்லையாம். தன்ர கம்பனியின்ர தோட்டம் ஸ்ட்ராத்வெல் மட்டும்தானாம். அங்க இருக்கிறவை தங்களுக்குள்ள என்ன பேர் சொல்லினமெண்டது தனக்கோ கம்பனிக்கோ சம்பந்தமில்லாத விஷயமாம்."

'அங்க இருக்கிறவை' என்ற இடத்தில் துரை மட்டமான வேறொரு சொல்லைத்தான் சொல்லியிருப்பார் என்று மீனம்மாவுக்குப் புரிந்தது. அதிகாரி அதை அடித்துவிட்டார், சிவப்புப் பென்சில் இல்லாமலே.

"அப்ப முடிஞ்சிதுங்களா?" என்று மாயாண்டி கேட்டான்.

"முடிஞ்சுது" என்றார் கணேசமூர்த்தி. "கம்பனியின்ர பேரெண்டால் கம்பனியின்ர சம்மதம் வேணும். கம்பனி சொல்லுது, இது தங்கட பேர் இல்லையெண்டு. பிறகு நான் ஆரிட்டச் சம்மதம் கேக்கிறது? பேர் வைச்ச ஆக்களிட்டத்தான் கேக்க வேணும்." அவர் மீனம்மா பக்கம் திரும்பினார். "உங்களுக்குச் சம்மதமோ?"

"சம்மதங்க" என்றாள்.

"ஒண்டு மிச்சமிருக்கு. அப்பிடி ஒரு இடம் இருக்கெண்டதுக்கு விளம்பரகாரர் பொறுப்பேற்க வேணும். பொய்யெண்டு ஆரும் முறைப்பாடு செய்தால் உங்கட விளம்பரம் பிறகு ஒருநாளும் இஞ்ச போகாது. யோசிச்சுக் கையெழுத்து வையுங்கோ, முதலாளி."

எல்லாரும் சண்முகராஜாவைப் பார்த்தார்கள். வாரா வாரம் கடைப் பெயர் வானொலியில் போவதுதான் அவருடைய வாழ்க்கையின் பெருமை. பதிவில் இல்லாத, துரையே இல்லை என்று சொன்ன ஒரு தோட்டத்துக்காக அதைப் பணயம் வைக்க வேண்டும். அந்தப் பெயரை வேண்டாம் என்று முதலில் சொன்னவரே அவர்தான். பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"எங்கப்பா காலத்துலருந்து கடை இருக்குங்க" என்று அதிகாரியிடம் சொன்னார். "ஞாயித்துக்கெழமை வர்ற சனத்த நா கேப்பேன், நீங்க எந்தத் தோட்டம்னு. ஒருத்தர்கூட ஸ்ட்ராத்வெல்லுன்னு சொன்னதில்ல. எல்லாரும் சொன்னது கல்லுடைச்சான் தோட்டந்தான். அந்தத் தோட்டம் இல்லைன்னா, என் கடைக்கு இத்தன வருஷமா வந்தது யாருங்க?"

கையெழுத்தை வைத்தார். பெரிய கையெழுத்து, தாளின் ஓரம் வரை போனது.

விளம்பரம் ஒலிபரப்பாகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் முதலாளி தன் வண்டியில் ஒரு பெரிய ரேடியோவையும் பேட்டரியையும் ஏற்றிக்கொண்டு தானே லயத்துக்கு வந்தார். பிள்ளைக் காம்பரா படிக்கட்டில் அதை வைத்தார்கள். துணி துவைக்கப் போனவர்கள் வந்தார்கள், விறகு பொறுக்கப் போனவர்கள் வந்தார்கள், மாயாண்டியோடு மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அவன் பங்காளிகூடப் பின்வரிசையில் வந்து நின்றான். சீயக்காய் தேய்த்த தலையோடு பாதிக் குளியலில் ஓடிவந்த பெண்களும் உண்டு. மீனம்மாவுக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

சவர்க்கார விளம்பரம் போனது. தலைவலித் தைலம் போனது. பிறகு அந்தக் குரல் வந்தது. ஒவ்வொரு சொல்லையும் துடைத்து வைக்கிற மாதிரி பேசுகிற, இலங்கை முழுக்கத் தெரிந்த வானொலிக் குரல்.

"நேயர்களே, நுவரெலியா ராஜா ரேடியோ கடையினர் அறியத் தருவது. கல்லுடைச்சான் தோட்டத்துத் தொழிலாளர்களின் பூபாளம் இசைக்குழு வழங்கும் இசை நிகழ்ச்சி, வரும் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, நுவரெலியா நகர மண்டபத்தில். பாடுபவர் மீனம்மா."

அவ்வளவுதான். தேனும் இல்லை, மழையும் இல்லை. அடுத்த விளம்பரம் வந்துவிட்டது. ஆனால் பிள்ளைக் காம்பராவின் முன்னால் யாரும் கலையவில்லை. லயத்துக்குள் மட்டும் புழங்கி வந்த பெயர், யாரும் எழுதி வைக்காத பெயர், கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் அதே நொடியில் கேட்டிருக்கிறது. கடல் தாண்டித் தமிழ்நாட்டிலும் கேட்டிருக்கும், அங்கேயும் இந்த ஒலிபரப்பைக் கேட்கிறவர்கள் ஏராளம் என்று முதலாளி சொன்னார். ஒரு கிழவர் மெதுவாக, "நம்ம பேரத்தான சொன்னான்?" என்று கேட்டார். "ஆமாய்யா, நம்ம பேருதான்" என்று நாலைந்து பேர் சேர்ந்து சொன்னார்கள். அதன் பிறகுதான் கைதட்டல் எழுந்தது. இந்தத் தடவை அது தஞ்சாவூருக்குப் போகவில்லை. மீனம்மா வெட்கப்படாமல் அழுதாள். அவளுக்குப் பெருமை தாங்க முடியவில்லை, அதை மறைக்கவும் அவள் விரும்பவில்லை.

சண்முகராஜா ரேடியோவைத் துண்டால் துடைத்துக்கொண்டே, "அந்த ஆபீசர் அடிச்சதும் நல்லதுக்குத்தான்" என்று மாயாண்டியிடம் ஒத்துக்கொண்டார். அவர் தன்னுடைய எழுத்தைப் பற்றி அப்படிச் சொன்னது அதுதான் முதலும் கடைசியும்.

கச்சேரிக்கு டவுன்காரர்கள் வந்தார்கள். அவர்களைவிடக் கூட்டமாகத் தோட்டத்து ஆட்கள் வந்தார்கள். கொத்மலைப் பக்கமிருந்துகூட லொறி பிடித்து வந்து, மண்டபத்துக்கு வெளியே ஒலிபெருக்கிக்குக் கீழே நின்று கேட்டார்கள். மீனம்மா பாடி முடித்ததும் முதலாளி மைக்கைப் பிடித்து, யாரும் கேட்காமலே, "கல்லுடைச்சான் தோட்டத்து மீனம்மா" என்றார். மண்டபம் அதிர்ந்தது.

கதை அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் துரை டெலிபோனில் சொன்ன சொல் ஒன்று பாக்கி இருந்தது.

மூக்கனைப் பேண்டுக்காரராக மட்டும்தான் இதுவரை சொன்னேன். பகலில் அவர் தோட்டத்துத் தபால்காரர். கந்தப்பளைத் தபால் கந்தோரிலிருந்து பூட்டிய தபால் பையைத் தோட்டத்து ஆபீசுக்குச் சுமந்து வருவது அவர் வேலை. லயத்துக்காரர்களுக்கு வருகிற கடிதமும் அந்தப் பையில்தான் வரும். பெரிய கிளாக்கர் பையைத் திறந்து, அவர் மேசையில் அது கிடந்து, அவருக்கு மனம் வருகிற நாளில் கணக்கப்பிள்ளை கையால் லயத்துக்கு வரும். காலங்காலமாக அப்படித்தான்.

கச்சேரி முடிந்த மறுவாரமே பூபாளம் இசைக்குழுவுக்குக் கடிதங்கள் வர ஆரம்பித்தன. ஹட்டன் கோவில் திருவிழாவுக்கு வாங்க, பதுளையில் கல்யாணத்துக்கு வாங்க என்று. வானொலியில் கேட்டபடியே விலாசம் எழுதியிருந்தார்கள்: கல்லுடைச்சான் தோட்டம், நுவரெலியா. அவை நுவரெலியா வழியாகக் கந்தப்பளைக்கு வந்தன. அங்கே தபால் கந்தோர் அதிகாரியான மாத்தயா சிங்களவர், பூபாளத்தின் கச்சேரிக்குக் குடும்பத்தோடு வந்திருந்தவர். ஸ்ட்ராத்வெல் என்று எழுதாததை ஸ்ட்ராத்வெல் பைக்குள் போடுவது விதியில் இல்லை என்று சொல்லி, அந்தக் கடிதங்களைத் தனியாக மூக்கன் கையிலேயே கொடுத்தார். மூக்கன் பையை ஆபீசில் வைத்துவிட்டு, கடிதங்களை நேரே லயத்துக்குக் கொண்டுபோனார். லயத்துக்கு ஆபீஸ் வழியாகப் போகாமல் வந்த முதல் தபால் அதுதான்.

இந்தச் செய்தி பெரிய கிளாக்கருக்கு எட்டியது, அவர் மூலமாகத் துரைக்கும் எட்டியது. ஒருநாள் காலைப் பெரட்டில், பனி இன்னும் விலகாத நேரத்தில், துரை மூக்கனை முன்னால் கூப்பிட்டார். கூடையோடு நின்ற ஆட்களெல்லாம் அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

"நீ லெட்டர் ஆபீசுக்கு ஏன் குடுக்கலே?" என்று துரை தன் தோட்டத்துத் தமிழில் கேட்டார்.

"தொரை தோட்டத்து லெட்டரெல்லாம் குடுத்துட்டேனுங்க" என்றார் மூக்கன், தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மகா பணிவாக. "அது கல்லுடைச்சான் தோட்டத்துக்கு வந்த லெட்டருங்க. அது தொரைக்குச் சம்பந்தமில்லாத பேருன்னு கொழும்புக்கு டெலிபோன்ல சொன்னீங்களாம். சம்பந்தமில்லாத லெட்டர தொரை மேசையில வைக்கலாங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்குவதற்குப் பலபேர் பட்ட பாடு தோள்களில் தெரிந்தது. பெரிய கிளாக்கர் தன் காலிலிருந்த சப்பாத்தைப் பார்த்தார். துரையின் முகம் சிவந்தது. தான் சொன்னதைச் சொல்லவில்லை என்று அவரால் சொல்ல முடியாது, அது வானொலி நிலையத்துக் கோப்பில் பதிவாகி இருந்தது. ஆட்கள் வரிசையை அவர் கண் ஒருமுறை சுற்றி வந்தது. முதல் வரிசையில் நின்ற மீனம்மாவிடம் வந்து நின்றது. அவள் பெயரையும் அவர் கேள்விப்பட்டிருந்தார், பங்களா ரேடியோவில்.

"எங்கே இருக்கு அந்த கல்லுடைச்சான் தோட்டம்?" என்று கேட்டார்.

மீனம்மா கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்துகொண்டாள். பாடும்போது எப்படி நிமிர்ந்து நிற்பாளோ அப்படி நின்றாள்.

"தொரை நிக்கிற எடந்தாங்க" என்றாள்.

துரை தன்னையறியாமல் காலடியைப் பார்த்தார். ஸ்டோருக்குப் பக்கத்துப் பாதிப் பாறை பனிக்குள்ளிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டிருந்தது. கங்காணி எட்டாம் நம்பர் மலை என்று கூப்பிட்டார், மீனம்மா மற்றப் பெண்களோடு மேலே ஏறினாள். அன்றைக்கும் அதற்குப் பிறகும் அந்தப் பெயருக்கு வந்த கடிதங்கள் லயத்துக்கே வந்தன.